கேமிங் கணினிக்கு எந்த ப்ராசஸர்: நேரு பிளேஸ் போவதற்குள் இரண்டு முறை மாறிய முடிவு

அக்கா பையன் காலேஜில் சேர்ந்ததும் "ஒரு நல்ல டெஸ்க்டாப் நானே கட்டித் தருகிறேன்" என்று வாயை விட்டது நான்தான், யாரையும் குறை சொல்ல முடியாது. 2025 டிசம்பர் லீவில் தில்லி ஆர்.கே. புரத்தில் அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் போனபோது போனில் ஒரு பட்டியலோடு தயாராக உட்கார்ந்திருந்தான். மொத்த பட்ஜெட் 90 ஆயிரம், மானிட்டரும் அதற்குள். பட்டியலின் முதல் வரி, ஏஎம்டி கம்பெனியின் கேமிங் ப்ராசஸர் ரைசன் 7 9800எக்ஸ்3டி. அது ஒன்றே அப்போது நாற்பதாயிரத்தைத் தாண்டியது. மீதியில் கிராபிக்ஸ் கார்டு என்னடா வாங்குவாய் என்றால், "அதை அப்புறம் அப்கிரேட் பண்ணிக்கலாம் மாமா" என்கிறான். பட்டு வேட்டியை வாங்கிவிட்டுச் சட்டையை அடுத்த தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பது மாதிரி.

அவன் மேல் தப்பில்லை. எந்த வீடியோவைத் திறந்தாலும் வேகத்தை ஒப்பிடும் வரைபடத்தில் அந்த எக்ஸ்3டிதான் உச்சியில் நின்றது, அதுவும் பொய்யில்லை, கேமுக்கென்று பார்த்தால் அன்று அதை மிஞ்சுவது கஷ்டம். ஆனால் அந்தச் சோதனைகளை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ப்ராசஸர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகவே, இருப்பதிலேயே விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டை மாட்டி, ரெசல்யூஷனை, அதாவது திரையில் வரைய வேண்டிய புள்ளிகளின் எண்ணிக்கையை, 1080பி-க்கு இறக்கி ஓட்டுவார்கள். சோதனைக்கு அதுதான் சரியான முறை. நம் வீட்டில் அந்தக் கார்டு இருக்கப்போவதில்லை. முப்பத்தைந்தாயிரம் ரூபாய்க் கார்டை மாட்டிப் பெரிய கேம் ஒன்றை ஓட்டினால், அந்த வரைபடத்தில் உச்சியில் இருப்பதும் நடுவில் இருப்பதும் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றுவிடும், ஏனென்றால் அங்கே மூச்சு வாங்குவது கார்டு.

கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். திரையில் வரும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது ஒவ்வொரு படத்துக்கும், முதலில் ப்ராசஸர் வேலை செய்கிறது: யார் எங்கே நிற்கிறார்கள், குண்டு எங்கே பட்டது, எதிரி அடுத்து என்ன செய்வான், இந்தக் காட்சியில் என்னென்ன வரைய வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கார்டிடம் கொடுக்கிறது. கார்டு அதை வரைகிறது. வினாடிக்கு 60 ஃப்ரேம் போதும் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிசெகண்ட் நேரம் இருக்கிறது. வினாடிக்கு 144 ஃப்ரேம் காட்டும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை நிரப்ப வேண்டும் என்றால் 6.9 மில்லிசெகண்டில் கணக்கு முடிந்தாக வேண்டும். வேலரண்ட், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி ஆட்டங்களில் வரைவது கார்டுக்குச் சுலபம், அதனால் ப்ராசஸர்தான் திணறும். அழகான காடு, மலை, மழை என்று கதை சொல்லும் ஆட்டங்களில் கார்டு முதலில் தள்ளாடும்.

இதனால்தான் ப்ராசஸரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மானிட்டரைப் பற்றிப் பேசச் சொல்வேன். 1080பி-யைவிட நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே வாங்கப் போகிறவருக்கு ஆறு கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்) உள்ள ப்ராசஸர் போதும், காசு முழுக்கக் கார்டில் போகட்டும். 1080பி-யில் 240 ஹெர்ட்ஸ் வாங்கி நாள் முழுக்க ஷூட்டர் ஆடுகிறவருக்கு எக்ஸ்3டி கனவு நியாயமானது. ஏற்கனவே கணினி வைத்திருப்பவருக்கு ஒரு சின்னச் சோதனை உண்டு: ஆடும்போது கார்டின் பயன்பாடு 97, 98 சதவீதத்தில் நிற்கிறதா, பார்க்கலாம். நின்றால் ப்ராசஸரை மாற்றி ஒரு பயனும் இல்லை. ரெசல்யூஷனைக் குறைத்தும் ஃப்ரேம் ஏறவில்லை என்றால் குற்றவாளி ப்ராசஸர். எங்கள் ஆள் 1080பி, 180 ஹெர்ட்ஸ். வேலரண்ட் பாதி, கதை ஆட்டங்கள் பாதி.

எக்ஸ்3டி-யில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அக்கா கேட்டாள், அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். சமைக்கும்போது கடுகு, சீரகம் எல்லாம் அஞ்சறைப் பெட்டியில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பெட்டியில் இல்லாததற்குப் பரணில் ஏற வேண்டும். ப்ராசஸருக்கு அஞ்சறைப் பெட்டி கேஷ், பரண் ரேம். சாதாரண ரைசன் 5 7600-இல் இந்தப் பெரிய கேஷ் 32 எம்பி. 2023 ஏப்ரலில் வந்த 7800எக்ஸ்3டி-யிலும் 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி-யிலும் 96 எம்பி, சிப்பின் மேல் இன்னொரு சிப்பை அடுக்கிச் சேர்த்தது. 9800-இல் அந்த அடுக்கைக் கோர்களுக்குக் கீழே கொண்டுபோய்விட்டார்கள், சூடு மேலே சுலபமாக வெளியேறுகிறது. கேம்கள் ஒரே தரவைத் திரும்பத் திரும்பத் தேடுவதால் பரணுக்கு ஓடுவது குறைந்தாலே பெரிய லாபம், முக்கியமாகத் திடீர் திடீரென்று வரும் அந்தத் திணறல் குறையும். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "அப்ப பெரிய அஞ்சறைப் பெட்டிக்கு நாற்பதாயிரமா?" என்று கேட்டாளே ஒழிய வேறு சந்தேகம் இல்லை. முதல் முடிவான எக்ஸ்3டி அங்கே கைவிடப்பட்டது.

அடுத்து ஏஎம்டியின் போட்டியாளர் இன்டெல். அவனுடைய சீனியர் ஒருவர் ஐ7-14700கே வைத்திருக்கிறாராம், நன்றாக ஓடுகிறதாம். ஓடும், யார் இல்லை என்றார்கள். முழு மூச்சில் அது 253 வாட் வரை இழுக்கும். கேம் ஆடும்போது அவ்வளவு இழுக்காது, ஆனாலும் 7800எக்ஸ்3டி குடிப்பதைவிட நன்றாகவே அதிகம் குடிக்கும், கேமில் அதற்குப் பின்னால்தான் நிற்கும். வீடியோ எடிட்டிங், ரெண்டரிங் என்று வேலை இருப்பவர்களுக்கு அந்தக் கூடுதல் கோர்கள் உதவும், அது வேறு கணக்கு. இதோடு 13, 14-ஆம் தலைமுறையின் வோல்டேஜ் விவகாரம் ஒன்று இருக்கிறது. சிப் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கிக் காலப்போக்கில் நிலைகுலைந்தது, 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு மைக்ரோகோடு (சிப்பின் உள் நிரல்) திருத்தங்களை வெளியிட்டு வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டித்தது. புதிதாக வாங்கி முதல் நாளே பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருளை) அப்டேட் செய்தால் பயப்பட வேண்டியதில்லை. செகண்ட் ஹேண்டில் மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள், முந்தைய ஓனர் எந்த பயாஸில் எத்தனை மாதம் ஓட்டினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசை மின்சாரத்தைக் குறைத்தது, ஆனால் கேமில் பல இடங்களில் தன் முந்தைய தலைமுறையையே தாண்டவில்லை. எனக்கு அதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

என்னுடைய உண்மையான ஆட்சேபம் மே மாதம்.

டிசம்பரில் தில்லியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கணினி கட்டுகிறவர்கள் எல்லோரும் மறந்துவிடும் விஷயம் இது. விமர்சகர்கள் சோதிக்கும் அறை பெரும்பாலும் இருபது டிகிரி சொச்சம். ஏசி இல்லாத தில்லி அறை மே மதியத்தில் நாற்பதுக்குப் பக்கம். கூலர் என்பது அறைக் காற்றைக் கொண்டுதான் சிப்பை ஆற்றுகிறது, அறை பதினெட்டு டிகிரி ஏறினால் சிப்பும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். வீடியோவில் 72 டிகிரி காட்டிய சிப் இங்கே 90-ஐத் தொடும், தன் வரம்பை எட்டியதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். 250 வாட் சிப்பை வாங்கிவிட்டு அதன் வேகத்தை வருஷத்தில் நான்கு மாதம் வெயிலுக்குத் தாரை வார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 2024 மே கடைசியில் சஃப்தர்ஜங்கில் 46.8 டிகிரி பதிவானது. அந்த வாரம் என் கணினியை நான் தொடக்கூட இல்லை.

இதில் ஒரு கூத்து. "ஒரு கூலர் தனியா வாங்கணும்" என்று நான் சொன்னதும் அத்தான் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தி, "பால்கனியில்தான் கூலர் இருக்கே, இன்னொன்று எதுக்கு?" என்றார். தில்லியில் கூலர் என்றால் வைக்கோல் பாய் வைத்துத் தண்ணீர் ஊற்றும் அந்தப் பெரிய தகரப் பெட்டிதான். ப்ராசஸர் தலையில் உட்காரும் சின்ன ஃபேன் என்று விளக்க வேண்டியிருந்தது. அந்தத் தகரப் பெட்டியை நேராகக் கேபினெட்டைப் பார்த்து வைக்காதீர்கள், ஈரக்காற்றும் தூசியும் சேர்ந்து உள்ளே பிசுபிசுவென்று படியும். யுபிஎஸ் கணக்கும் இங்கேதான் வரும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். 65 வாட் வகுப்பு ப்ராசஸரும் 160 வாட் கார்டும் மானிட்டரோடு அதற்குள் அடங்கும். பெரிய ப்ராசஸர் என்றால் யுபிஎஸ்ஸும் பெரிது, கணினிக்குள் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸும் பெரிது.

ஆக இரண்டாவது முடிவு ரைசன் 5 7600. நான் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே மனதில் வைத்திருந்தது இதுதான். ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 65 வாட், பெட்டியிலேயே கூலர் வருகிறது. உள்ளேயே சின்னதாக ஒரு கிராபிக்ஸும் இருக்கிறது, கார்டு பழுதானால் ஒரு வாரம் அதை வைத்துப் பாடம் படிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேல், மதர்போர்டில் அது உட்காரும் ஏஎம்5 சாக்கெட். 2022-இல் வந்தது, 2027 தாண்டியும் அதற்கு ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்று 7600 வாங்கி, படிப்பு முடிந்து முதல் சம்பளத்தில் அதே போர்டில் ஒரு எக்ஸ்3டி-யை மாட்டிக்கொள்ளலாம். பையனும் ஒத்துக்கொண்டான். கனவைத் தள்ளிப் போட்டோமே தவிரக் கைவிடவில்லை என்பதில் அவனுக்கு ஒரு திருப்தி.

விலையைக் கூட்டிப் பார்த்தோம். அங்கேதான் இடித்தது. ப்ராசஸர் பதினேழாயிரம் சொச்சம், சுமாரான பி650 போர்டு பன்னிரண்டு, சரி. ஏஎம்5-க்குப் புதிய தலைமுறையான டிடிஆர்5 ரேம் மட்டும்தான் பொருந்தும், அந்த விலையைப் பார்த்து இரண்டு பேரும் போனை ரிஃப்ரெஷ் செய்தோம், ஏதோ தப்பு என்று நினைத்து. தப்பில்லை. 2025 கடைசி மாதங்களில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போக, சில மாதங்களுக்கு முன் விற்றதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஏறி நின்றது. மெமரி தயாரிக்கும் மைக்ரான் அந்த டிசம்பரில்தான் தன் க்ரூஷியல் பிராண்டில் சில்லறை விற்பனையையே நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. 16 ஜிபி ஒற்றைத் துண்டு போட்டுச் சமாளிக்கலாமா என்றால், ரேமுக்கு ஒரே பாதைதான் கிடைக்கும், அந்த ஒற்றைச் சேனலில் கேம் செயல்திறன் அடிவாங்கும். எட்டு எட்டாக இரண்டு போடலாமா என்றால், டிடிஆர்5-இல் 8 ஜிபி துண்டுகள் உள்ளமைப்பிலேயே கொஞ்சம் மந்தமானவை. ஒழுங்காகச் செய்வதென்றால் பதினாறு இரண்டு. அதைப் போட்டால் கிராபிக்ஸ் கார்டில் கை வைக்க வேண்டும். ப்ராசஸரைக் குறைத்துக் கார்டைக் காப்பாற்றியவன் ரேமுக்காகக் கார்டை விட்டுக்கொடுப்பதா?

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் வீட்டு மேஜை டிராயரில் இரண்டு துண்டு 8 ஜிபி டிடிஆர்4 (முந்தைய தலைமுறை ரேம்), 3200 வேகம், போன வருஷம் நான் 32 ஜிபி-க்கு மாறியபோது கழற்றியது, பழைய ரிமோட்டுகளோடு கிடக்கிறது.

டிடிஆர்4 என்றதும் பாதை இரண்டாகப் பிரிகிறது: ரைசன் 5 5600 அல்லது இன்டெல் ஐ5-12400எஃப். இரண்டுமே 2022-இல் வந்தவை, இரண்டுமே ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், இரண்டும் அப்போது பத்தாயிரத்தைச் சுற்றியே விற்றன. கேமில் ஒன்று இங்கே முந்தும், இன்னொன்று அங்கே முந்தும், கண்ணுக்குத் தெரியாது. 12400எஃப்-க்கு டிடிஆர்4 எடுக்கும் போர்டாகப் பார்த்து வாங்க வேண்டும், ஏனென்றால் அதே பி760 போர்டு வகையில் டிடிஆர்4-உம் உண்டு, டிடிஆர்5-உம் உண்டு, அவசரத்தில் மாறி வந்துவிடும். மேலே ஏறுவதற்கு வழி? 5600-இன் ஏஎம்4 சாக்கெட்டில் 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி இருந்தன, ஆனால் அந்த டிசம்பரில் புதிதாகக் கிடைப்பது அபூர்வம். 12400எஃப்-இன் சாக்கெட்டில் ஏறினால் நேராக அந்த 13, 14-ஆம் தலைமுறையின் சூடான சிப்களிடம்தான் போய் நிற்போம். ஆக இரண்டுமே முட்டுச்சந்து. தெரிந்துதான் நுழைகிறோம். போர்டு மலிவாக அமைந்ததால் 5600 என்று முடிவு. ஒருவேளை உங்கள் கடையில் 12400எஃப்-உம் போர்டும் சேர்ந்த காம்போ ஆயிரம் ரூபாய் குறைவாக அமைந்தால் யோசிக்காமல் அதை எடுங்கள், நான் சண்டைக்கு வர மாட்டேன்.

தில்லியின் கணினிச் சந்தையான நேரு பிளேஸில் சனிக்கிழமைக் கூட்டம். முதலில் நுழைந்த கடையில் "5600" என்றதும் பையன் ஒருவன் உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்து வந்து மேஜையில் வைத்தான். ஆரஞ்சும் சாம்பலும் கலந்த அதே ரைசன் பெட்டி. அக்கா பையன் பர்ஸை எடுத்தே விட்டான். நான் பெட்டியைத் திருப்பி ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன்: 5600ஜி. கேட்டால், "ஏக் ஹி பாத் ஹை ஸாப், சல் ஜாயேகா," இரண்டும் ஒன்றுதான், ஓடிவிடும் என்றான். ஓடாது ஐயா. ஜி-யில் உள்ளே கிராபிக்ஸ் இருக்கிறது, அதற்குப் பதிலாகக் கேஷ் 32-இலிருந்து 16 எம்பி-யாகப் பாதியாகிவிட்டது, கார்டோடு தரவு பரிமாறும் பாதையான பிசிஐஇ-யும் நான்காம் தலைமுறைக்குப் பதில் மூன்றாம் தலைமுறை. தனியாகக் கார்டு வாங்குகிறவருக்கு இரண்டுமே நஷ்டம். ஆர்டிஎக்ஸ் 5060 மாதிரி அந்தப் பாதையில் எட்டு லேன் (தடம்) மட்டுமே எடுக்கும் கார்டை அதில் மாட்டினால், கார்டின் மெமரி நிரம்பும் நேரத்தில் இன்னும் வலிக்கும். 5500 என்று ஒன்று இருக்கிறது, அதுவும் இதே பாதிக் கேஷ், இதே மூன்றாம் தலைமுறை, உள்ளே கிராபிக்ஸும் கிடையாது. எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஓர் எழுத்துக்கு இவ்வளவு அர்த்தம் வைத்தவர்களை நாம் திட்டலாம், ஆனால் பெட்டியைத் திருப்பிப் பார்ப்பது நம் வேலை.

நான்காவது கடையில் சரியான 5600 கிடைத்தது. அதே இடத்தில் இன்னொன்றையும் நீட்டினார்கள், பெட்டி இல்லாத ட்ரே சிப், ஐந்நூறு ரூபாய் குறைவு. பெட்டியோடு வருவதற்குக் கம்பெனியின் மூன்று வருஷ வாரண்டி உண்டு, ட்ரேக்குக் கடைக்காரர் வாய்தான் வாரண்டி. ஐந்நூறு ரூபாய்க்கு அது வேண்டாம் என்று பெட்டியையே வாங்கி ஜிஎஸ்டி பில்லும் கேட்டு வாங்கினோம். மிச்சமான பணத்தில் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 16 ஜிபி மாடல். 7600-உம் டிடிஆர்5-உம் வாங்கியிருந்தால் இந்தக் கார்டு கனவில்தான். ஒற்றை 120 மிமீ ஃபேன் கொண்ட டவர் கூலர் ஒன்று, இரண்டாயிரத்துக்குள். பெட்டியில் வந்த கூலர் டிசம்பரில் போதும், மே-யில் போதாது.

சாப்பாட்டு மேஜையில் கட்டினோம். ஏஎம்4-இல் ஊசிகள் எல்லாம் ப்ராசஸரின் அடியில்தான் இருக்கின்றன, ஏஎம்5, இன்டெல் மாதிரி சாக்கெட்டில் இல்லை. மூலையில் இருக்கும் சின்னத் தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டில் இருக்கும் முக்கோணத்தோடு ஒத்து வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும், தானாக விழும். விழவில்லை என்றால் எடுத்துத் திரும்ப வை, அழுத்தாதே என்றேன். பையனுடைய விரல் நடுங்கியது, மூன்றாவது தடவைதான் டக்கென்று உட்கார்ந்தது. அடுத்த முறை கழற்றும்போது கூலரைப் பிடித்து இழுக்காமல் லேசாகத் திருகி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இடையில் தடவிக் காய்ந்த தெர்மல் பேஸ்டோடு ப்ராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்து ஊசி வளையும், இதை அவன் நோட்டில் எழுதியே வைத்திருக்கிறான். ஏஎம்5 கட்டுகிறவர்களுக்கு வேறொரு கண்டம் உண்டு: முதல் தடவை ஆன் செய்யும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிஷம் திரை கறுப்பாகவே இருக்கும். ஆபீஸ் நண்பர் ஒருவர் 7600 கட்டிவிட்டு, போர்டு போய்விட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டார், நான் போய் மறுபடி மாட்டி டீ குடித்துவிட்டு வருவதற்குள் வந்துவிட்டது.

டிராயரில் பழைய ரேம் இல்லாமல் இருந்திருந்தால்? கார்டில் ஒரு படி இறங்கி 7600 வாங்கியிருப்பேன், அல்லது ரேம் விலை இறங்கும் வரை அவனைக் காத்திருக்கச் சொல்லியிருப்பேன், காத்திருக்கும் வயசு அவனுக்கு இல்லை என்பது வேறு விஷயம். ஒரு லட்சத்தைத் தாண்டிப் போக முடிகிறவர்கள் என் கதையை விட்டுவிட்டு நேராக ஏஎம்5 போங்கள். ஒன்றரை லட்சத்துக்கு மேல் என்றால் 7800எக்ஸ்3டி, அதற்கும் மேல் இருந்தால் பையன் பட்டியலின் முதல் வரி.

அன்று ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் அனுப்பினான்: "மாமா, ஒரு மணி நேரம் ஆடினேன், 58 டிகிரிதான்!" வெளியே அப்போது ஒன்பது டிகிரி. எண்ணையும் தேதியையும் குறித்து வை, மே 20-ஆம் தேதி மத்தியானம் இன்னொரு தடவை எடுத்து அனுப்பு என்று பதில் போட்டேன்.